அறுவது வருசத்துப் பெஞ்சு

எந்திரிங்க தம்பி, எந்திரிங்க! அதுல உக்காராதீங்க. அக்கட்ட தள்ளி நில்லுங்க. பேண்ட்டுல ஈரம் பட்டுருச்சுங்களா? பேண்ட்டுக்காகக் கேக்கலீங்க, பெஞ்சுல கீறல் கீது விழுந்துருச்சான்னு பாத்தேன். விழுகல. நல்ல நேரம். இதப் போட்டு ஒம்போது நாள்தானுங்க ஆகுது. செமெண்டுக்கு இருபத்தோரு நாள் தண்ணி காட்டோணும். மேல நனைச்ச சாக்கு போத்தியிருக்குதே, அதப் பாத்தாவது தெரிய வேண்டாமுங்களா? சாக்கு மேலயே உக்காருறீங்க!

கோவிச்சுக்காதீங்க. மினி பஸ்ஸுக்கு நிக்கறீங்களாட்ட இருக்குது. இப்பத்தான் ஒண்ணு போச்சு. அடுத்தது வர முக்கா மணி நேரம் ஆகும். அதுக்குள்ள கால் கடுத்துப்போச்சுன்னா அந்தா, அந்த மைல்கல்லு மேல உக்காந்துக்கலாம். ஊர்ச்சனம் அங்கதானுங்க உக்காரும். அவங்களுக்குப் பழகிப்போச்சு.

பெஞ்சு போட்டுட்டு உக்காரக் கூடாதுங்கறானே, இவனுக்கு மறை கழண்டுருச்சான்னு நெனைப்பீங்க. நெனைங்க. உக்காந்து உக்காந்துதானுங்க பெஞ்சு கெட்டுப்போகுது. வெயிலும் மழையும் பெஞ்ச ஒண்ணும் பண்றதில்ல. முப்பத்திரண்டு வருசமா செமெண்டுலயே கெடக்கறவன் சொல்றேன், கேட்டுக்குங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கெணத்து உறையா அடுக்கி வெச்சிருக்குதே, அது நம்ம களந்தான். என்ர பேரு நாச்சிமுத்து. கெணத்து உறை, ஜன்னல், மாட்டுக்குத் தண்ணித் தொட்டி, எல்லாம் அச்சுல வார்க்கறது. இந்தச் சுத்துவட்டாரத்துல நான் போட்ட உறை எறங்காத கெணறு கெடையாது.

நீங்க என்ன யாவாரமுங்க? பையி கனமா இருக்குதே. இரும்புக்கடைகளுக்கு ஆர்டர் புடிக்கறவருங்களா? வெல்டிங் ராடு, ரம்பம், பிளேடு... அப்படீங்களா! அப்ப உங்ககிட்டச் சொன்னா நாயம் புரியும். அக்கட்ட பாருங்க, ரெண்டு ஸ்டீல் குழாய் மொட்டையா நட்டுக்கிட்டு நிக்குதா? அது என்ர மச்சினன் போட்ட பெஞ்சு. இக்கட்ட பாதி ஒடஞ்சு ரெண்டு துண்டாக் கெடக்குதா? இது நான் போட்ட பழைய பெஞ்சு. இந்த ரெண்டு பெஞ்சாலயும் எங்க ரெண்டு குடும்பம் போக்குவரத்து இல்லாமப் போச்சுங்க.

மச்சினன் பேரு செங்கோடன். என்ர சம்சாரம் வள்ளியாத்தாளுக்குக் கூடப்பொறந்தது அவன் ஒருத்தன்தான். கரட்டுப்புதூர்ல கிரில் பட்டறை வெச்சிருக்கறான். நீங்க ஏறப்போற பஸ்ஸுல ஆறாவது நிறுத்தம். பஸ்ஸு அவன் ஊட்டு வாசல்லதான் நிக்கும். நிக்கட்டும், நமக்கென்ன.

போன தை மாசம் எங்க மாமனாருக்கு வருச திதி வந்துச்சு. எரநூறு பேருக்குச் சாப்பாடு. பந்தியில உக்காந்திருக்கறப்ப நான்தான் பேச்செடுத்தேன். ரோட்ட அகலப்படுத்தறோம்னு இங்கிருந்த நிழற்குடைய இடிச்சுட்டுப் போயிட்டாங்க, சனம் நின்னுக்கிட்டே கெடக்குது, அதனால மாமனார் பேர்ல ஒரு பெஞ்சு போட்டர்றேன், சாய்மானத்துல 'மூத்த மருமகன் உபயம்'னு எழுதிர்றேன்னு சொன்னேன். மருமவன் நான் ஒருத்தன்தானுங்க. இருந்தாலும் மூத்த மருமவன்னு போட்டா ஒரு எடுப்பா இருக்குதுல்ல.

அதுக்கு அவன், எதுத்த இலையில உக்காந்துட்டு, அத்தன பேரு முன்னாடி சொல்றான்: "மச்சான் போடற பெஞ்சா? அவரு எறக்குன உறை எங்க தோட்டத்துக் கெணத்துல மூணாம் வருசமே வாயப் பொளந்துருச்சு. எங்கய்யன் பேரு அதுக்கு மேல நிக்கோணுமுங்க. நான் ஸ்டீல்ல போட்டுக்கறேன்."

உறை வாயப் பொளந்தது நெசந்தானுங்க. நான் இல்லீங்கல. ஆனா அது உறையோட குத்தமில்ல, கெணத்தோட குத்தம். அதப் பந்தியில வெச்சுச் சொல்லலாமுங்களா? நானும் விடல. "உன்ர கிரில்லுக்குள்ள பூனை பூந்து போகுது, பூனைக்குப் பின்னால திருடனும் பூந்து போறான், நீ பெஞ்சு போடறயா"ன்னேன். பேச்சு வளந்துச்சு. கடைசியில நான் பாதி இலையில எந்திரிச்சுட்டேன். வள்ளியாத்தா பாயச வாளியோட நடுப் பந்தியில நின்னவ நின்னபடியே நின்னுட்டா. பாயசம் நல்லா இருந்துச்சுன்னு அப்புறமாக் கேள்விப்பட்டேன்.

எந்திரிச்சது எந்திரிச்சாச்சு, சும்மா வர முடியுமா? வாசல்ல நின்னு சொல்லிட்டேன்: "ரெண்டு பேரும் பெஞ்சு போடுவோம். ஒரே எடத்துல, பக்கத்துல பக்கத்துல. எவன் பெஞ்சு முதல்ல போகுதோ அவன் அடுத்தவன் ஊட்டு வாசப்படி மிதிச்சு வரோணும். அதுவரைக்கும் நான் உன்ர ஊட்டுக்கு வரமாட்டேன், நீ என்ர ஊட்டுக்கு வரக்கூடாது." அவனும் சரின்னுட்டான். எரநூறு பேரும் சாட்சி.

மாசியில ரெண்டு பெஞ்சும் வந்துருச்சு. அவன் பெஞ்சு பளபளன்னு நின்னுச்சு, ஆசுபத்திரிக் கட்டில் மாதிரி. நம்முது அப்படியில்லீங்க. எட்டு எம்.எம். கம்பி போட்டு, ஆத்து மணலு சலிச்சு, முக்கா ஜல்லி கலந்து, சாய்மானத்துல மொசைக்குல எழுத்து. ஒரு குத்தம் மட்டும் ஆகிப்போச்சு. எழுத்து சாய்மானத்துல இருக்கறதால எவனாச்சும் உக்காந்தான்னா முதுகு எழுத்த மறைச்சுக்குது. மாமனார் பேரும் தெரியறதில்ல, என்ர பேரும் தெரியறதில்ல. அப்புறம் உபயம் பண்ணி என்ன பிரயோசனமுங்க?

அதனால உக்காராமப் பாத்துக்கிட்டேன். வெடியால வெடியால ஒரு கொடம் தண்ணிய உக்கார்ற எடத்துல ஊத்திருவேன். பத்து மணிக்கு வெயில்ல காஞ்சுதுன்னா வேலிக்காத்தான் முள்ளு ரெண்டு கொத்து வெட்டிட்டு வந்து மேல போட்ருவேன். சாயந்தரம் மறுக்கா தண்ணி. அந்தக் கரட்டுப்புதூர்க்காரன் என்ன பண்ணுனான் தெரியுங்களா? 'பெயிண்ட் ஈரம், தொடாதீர்'னு அட்டை எழுதிக் கட்டிட்டான். ஸ்டீல் பெஞ்சுக்கு ஏதுங்க பெயிண்ட்டு? நாலு மாசமாக் காயாத பெயிண்ட்ட ஒலகத்துல எங்காச்சும் பாத்திருக்கறீங்களா? என்ன ஒரு ஏமாத்து வேலை பாருங்க.

ஒருக்கா பிரசிடெண்டம்மா ஜீப்புல வந்து எறங்குச்சு. ரெண்டு பெஞ்சும் காலியாக் கெடக்குது, சனம் பூராவும் கீழ மண்ணுல உக்காந்திருக்குது. கைப்புள்ளக்காரி ஒருத்தி மைல்கல்லு மேல உக்காந்திருக்கறா. "ஏனுங்க நாச்சிமுத்து, பெஞ்சு எதுக்கு?"ன்னு கேட்டுச்சு. "நெலைச்சு நிக்கறதுக்குங்க"ன்னேன். திரும்பி ஜீப்புல ஏறிப் போயிருச்சு. படிச்ச பொம்பள, புரிஞ்சுக்கிட்டா.

இப்படியே சித்திரை போச்சு, வைகாசி போச்சு. பெஞ்சு ரெண்டும் போட்டது போட்டபடியே நிக்குது. இதுல எனக்கொண்ணும் சங்கட்டமில்ல. வள்ளியாத்தாதான் ஒரு மாதிரியா இருந்தா. எங்க பக்கத்துல ஆடி நோம்பின்னா பொறந்த ஊட்டுல இருந்து அண்ணனோ தம்பியோ வந்து அழைக்கோணும். அழைச்சாத்தான் பொம்பள கெளம்பிப் போவா. கலியாணமாகி முப்பத்தஞ்சு வருசத்துல அவ ஒரு ஆடிக்குக் கூடப் போகாம இருந்ததில்ல. ஆனி பொறந்ததும் போறவன் வர்றவனையெல்லாம் பாத்துக்கிட்டே வாசல்ல நிப்பா. டி.வி.எஸ். வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், வெளிய வந்துருவா. அவ தம்பிகிட்ட டி.வி.எஸ். வண்டிதான் இருக்குது.

ஒரு நாளு அவரைக்கா உரிச்சுக்கிட்டே கேட்டா: "ஏனுங்க, உங்க பெஞ்சு எத்தன வருசம் வருமுங்க?"

"கொறஞ்சது அறுவது வருசம்"னேன்.

"எனக்கு இப்ப அம்பத்தெட்டு. அப்ப நூத்திப்பதினெட்டு வயசுலதான் எந்தம்பி ஊட்டுக்குப் போகோணுமாட்ட இருக்குது"ன்னா.

"அவன் பெஞ்சு அதுக்கு முன்னாடியே போயிரும், நீ வெசனப்படாத"ன்னு ஆறுதல் சொன்னேன். சித்தெ நேரம் கழிச்சு மறுக்கா கேக்கறா: "அப்ப உங்க பெஞ்ச ஒடைக்கவே முடியாதுங்களா? கடப்பாரையில அடிச்சாக் கூடவா?"

பாருங்க தம்பி, முப்பத்தஞ்சு வருசத்துல என்ர தொழிலப் பத்தி அவ கேட்ட மொதக் கேள்வி அது. எனக்குச் சந்தோசம் தாங்கல. சாக்பீஸ எடுத்துத் தரையில படம் போட்டே காமிச்சேன். "கால் இருக்கற பக்கம் அடிச்சா கடப்பாரைதான் எகிறும். ரெண்டு காலுக்கும் நட்ட நடுவுல அடிக்கோணும். அதுவும் ஒரே எடத்துல, மாத்தி மாத்தி அடிக்கக் கூடாது. நாப்பது அடி அடிச்சா ஒரு வெடிப்பு விடும். அப்புறம் கம்பி தெரியும், கனந் தாங்காம ரெண்டாப் போயிரும். எந்த ஆம்பளையும் இருவது அடியிலயே கை ஓஞ்சு போயிருவான்"னேன். அவ படத்தையே பாத்துக்கிட்டிருந்தா. நல்லாக் கத்துக்கிட்டா.

அதுக்கு அடுத்த வாரம் பெஞ்சு போச்சு.

இருங்க, சொல்றேன். நான் அன்னிக்கு ஊர்ல இல்ல. கரூருக்குக் கம்பி எடுக்கப் போயிருந்தேன். வெடியால போனவன் சாயந்தரம் வந்து எறங்கறேன், பெஞ்சு ரெண்டாக் கெடக்குது. நட்ட நடுவுல, அளவெடுத்த மாதிரி. எனக்கு வயிறு எரிஞ்சுது. நிமுந்து அக்கட்ட பாத்தா, அந்த ஸ்டீல் பெஞ்சும் குப்புறக் கெடக்குது! எரிஞ்ச வயிறு அப்படியே குளுந்து போச்சு.

டீக்கடை அர்த்தனாரியக் கேட்டேன். அந்தா, பாய்லருக்குப் பின்னால நிக்கறானே, அவன்தான். "மத்தியானம் ஒரு லாரி வந்து பின்னுக்கு எடுத்தானுங்க, இடிச்சுட்டுப் போயிட்டான்"னான். என்ன லாரிடான்னேன். நீல லாரின்னான். பூக்காரி பாவாயியக் கேட்டா, செவப்பு லாரிங்கறா. சைக்கிள் கடைக்காரன் மஞ்சளுங்கறான், அதுவும் லாரியில்ல, டிராக்டருங்கறான். அப்ப நான் முடிவு பண்ணிட்டேன், மூணு வண்டி இடிச்சிருக்குது. பின்ன ஒரே வண்டி இடிச்சு ஒடையற பெஞ்சுங்களா அது? மூணு வண்டி தேவைப்பட்டிருக்குது, பாருங்க. எனக்கு அதுல ஒரு பெருமைதான்.

"சரி, அந்த ஸ்டீல் பெஞ்சு எப்படிப் போச்சு?"ன்னு பாவாயியக் கேட்டேன். "வெளியூர்ப் பொம்பள ஒருத்தி வந்தாளுங்க, அரக்குச் சேலை, களைச்சுப் போயி உக்காந்தா, பெஞ்சு காலு மடங்கி ஒட்டுக்கா சாஞ்சுருச்சு, அவளும் விழுந்துட்டா, நாங்கதான் தூக்கி விட்டோம்"னா. சொல்றப்பவே அவளுக்குச் சிரிப்பு. அரக்குச் சேலையின்னா எங்கூட்டுலயும் ஒண்ணு இருக்குது, அதெல்லாம் எல்லாரு ஊட்டுலயும் இருக்கறதுதான். ஒரு பொம்பள உக்காந்ததுக்கே போற பெஞ்சு எங்க, மூணு வண்டி இடிச்சுப் போற பெஞ்சு எங்க?

ஊட்டுக்குப் போனா வள்ளியாத்தா கட்டில்ல படுத்துக் கெடக்கறா. ரெண்டு உள்ளங்கையிலயும் கொப்புளம். மணிக்கட்டு வீங்கியிருக்குது. இடுப்பத் தொடக் கூட விடமாட்டீங்கறா. என்னாச்சுன்னேன். "வரமொளகா இடிச்சேனுங்க"ன்னா. "அதுக்கு இடுப்பு எதுக்கு வலிக்குது"ன்னேன். "குனிஞ்சு இடிச்சேனுங்க"ன்னா. மில்லு இருக்கறப்ப எதுக்கு இடிக்கறேன்னு நாலு சத்தம் போட்டுட்டு, வெளக்கெண்ண காச்சித் தேச்சு விட்டேன். பாவமுங்க. சோத்துப் போசி தூக்கக் கூட முடியல. அந்த வாரம் பூராவும் நான்தான் சோறாக்குனேன். களத்துலயும் ஒரே தொந்தரவு. கடப்பாரைய எவனோ எடுத்திருக்கறான், நொனியெல்லாம் வெள்ளையாப் பூத்துப் போய்க் கெடந்துச்சு. சுண்ணாம்புல குத்தியிருக்கறான் எவனோன்னு கொத்தனாரப் புடிச்சு வஞ்சேன்.

ஏனுங்க சிரிக்கறீங்க? அந்த அர்த்தனாரி பக்கம் பாக்காதீங்க, அவன் எப்பவும் அப்படித்தான், நான் பேசுனா திரும்பிக்குவான்.

மறுநாளு செங்கோடன் வந்தான். எங்கிட்டப் பேசல. அர்த்தனாரியப் பாத்து, "என்ர பெஞ்சு போயிருச்சுன்னு கேள்விப்பட்டேன்"னான். சொல்றப்ப மூஞ்சி கொஞ்சம் தெளிவாத்தான் இருந்துச்சு, கையில வேற பழத்தட்டு மாதிரி எதையோ துணி போட்டு மூடி வெச்சிருந்தான். அப்புறம் திரும்பி என்ர பெஞ்சப் பாத்தான். ரெண்டாக் கெடக்குதா, அப்படியே நின்னுட்டான். "ரெண்டும் போயிருச்சா?"ன்னு மெதுவாக் கேட்டான். என்னமோ எழவு ஊட்டுல கேக்கற மாதிரி. மனுசனுக்குப் பொறாமை. என்ர பெஞ்ச ஒடைக்க மூணு வண்டி வேணுமாயிருந்துச்சுங்கறது பொறுக்கல.

எது முதல்ல போச்சுன்னு நாயம் வெச்சோம். லாரி முதல்ல வந்துதா, பொம்பள முதல்ல உக்காந்தாளா? கேட்டா, பாவாயி பூக்கட்டறா, அர்த்தனாரி கிளாசு கழுவறான். நான்தான் சொன்னேன், "ரெண்டும் ஒரே நாளு. சமம். யாரும் யாரு ஊட்டுக்கும் போக வேண்டியதில்ல. புதுசா மறுக்கா போடலாம், இந்தவாட்டி பத்து எம்.எம். கம்பி"ன்னு. செங்கோடன் தட்டத் தூக்கி வண்டியில வெச்சுக்கிட்டுப் போயிட்டான்.

ஊட்டுல வந்து சொன்னேன். வள்ளியாத்தா கை கட்டோட உக்காந்திருந்தா. "சமமுங்களா?"ன்னா. சமம்னேன். "உங்க பெஞ்சுதான் முதல்ல போச்சுன்னு ஒத்துக்கக் கூடாதுங்களா?"ன்னா. "அவன் பெஞ்சும் போச்சு, என்ர பெஞ்சும் போச்சு, அதுதான் சமம்"னேன். என்னையே பாத்தா. என்ன பார்வைன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல. "அடுத்த பெஞ்சு எத்தன வருசம் வருமுங்க?"ன்னா. நூறு வருசம்னேன்.

நான் இந்தப் பெஞ்சப் போட்ட அன்னிக்கு, இதே எடத்துல நின்னு சாய்மானம் பூசிக்கிட்டு இருக்கறேன், அவ பையோட வந்து நிக்கறா. எங்கேன்னேன். "எந்தம்பி ஊட்டுக்கு"ன்னா. "அவன் வந்து அழைக்கல, நீயாப் போனா என்ன மருவாதி?"ன்னேன். அதுக்கு அவ சொல்றா: "அழைச்சாப் போறதுக்கு நான் விருந்தாளியா? நான் அந்த ஊட்டுல பொறந்தவ. உங்க செமெண்டு காயற வரைக்கும் அங்கதான் இருப்பேன்." பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டா. கையில கட்டு இருந்ததால கம்பியப் புடிக்க முடியல, கண்டக்டர்தான் தூக்கி விட்டான். நான் கரண்டியோட நின்னுக்கிட்டு இருந்தேன்.

காயற வரைக்கும்னு சொல்லிட்டுப் போயிருக்கறா. நான் ஒரு நாளைக்கு மூணு வேளை தண்ணி ஊத்திட்டு இருக்கறேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? தண்ணி ஊத்தலீன்னா வெடிப்பு விட்ருமே. ஆடி நோம்பியும் நேத்தோட முடிஞ்சுருச்சு. கரட்டுப்புதூர்ல இருந்து ஒரு நாளைக்குப் பதினாலு பஸ்ஸு வருது. பதினாலும் இங்க நின்னுதான் போகுது. நான் ஒண்ணும் அவளுக்காக நிக்கலீங்க, பெஞ்சுக்குத் தண்ணி ஊத்த வர்றேன். வந்தது வந்தமுன்னு யாரு எறங்கறாங்கன்னு பாத்துக்கறது. இதுவரைக்கும் எறங்கல. ஊட்டுல ரசம் வெச்சா ரெண்டு நாளைக்கு வருதுங்க. அதைத் தனியா உக்காந்து குடிக்கறதுக்கு எனக்குப் புடிக்கல. சொல்றதுக்கு என்ன வெக்கம், புடிக்கல.

அதைய உடுங்க. நீங்க இரும்புக்காரரு, ஒண்ணு கேக்கறேன் சொல்லுங்க. இப்படி வாங்க. இந்த ஒடஞ்ச குழாயப் பாருங்க. முக்காவாசி வழவழன்னு இருக்குது, காவாசிதான் பிசிறா இருக்குது. கலப்பட ஸ்டீலுன்னா இப்படித்தானுங்க ஒடையும்?

என்னங்க சொல்றீங்க? அறுத்ததுங்களா? பிளேடு வெச்சு முக்காவாசி அறுத்து, மீதிய விட்டு வெச்சதுங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நான் அறுக்கலீங்க. நெனச்சது உண்டு, அறுக்கல. பின்ன எவன் அறுப்பான்? அவன் பெஞ்ச அவனே அறுப்பானுங்களா? பட்டறைக்காரன், ஒரு நிமிச வேலைதான் அவனுக்கு. ஆனா எதுக்கு அறுக்கோணும்? அறுத்தா அவன்தான் தோப்பான். தோத்தா அவன்தான் எங்கூட்டுக்கு வரோணும். வந்து அவங்கக்காள அழைச்சு...

அட.

பழத்தட்டோடல்ல வந்து நின்னான்.

இருங்க. சிரிக்காதீங்க, இருங்க. அப்ப அந்த அரக்குச் சேலைக்காரி? களைச்சுப் போயி உக்காந்தான்னு பாவாயி சொன்னாளே, மத்தியான வெயில்ல ஒரு பொம்பள என்ன வேலை செஞ்சு களைச்சா? ஏய் பாவாயி! இங்க பாரு! அன்னிக்கு விழுந்தது யாரு? பூவப் பாக்காத, என்னையப் பாத்துச் சொல்லு. நீலமும் செவப்பும் மஞ்சளுமா எத்தன லாரிடீ வந்துச்சு? தலைய ஆட்டறா பாருங்க. லாரியே வரலியாமா. ஊரே பாத்துக்கிட்டு நின்னிருக்குதுங்க. நட்ட நடு மத்தியானத்துல, ஊரே! ஒருத்தன் எங்கிட்டச் சொல்லல.

தம்பி, நாப்பது அடிக்குக் கொறஞ்சு அது ஒடையாதுங்க. நான் வார்த்த பெஞ்சு, எனக்குத் தெரியும். கடப்பாரை பதினோரு கிலோ. அவளுக்கு அரிசி மூட்டையில இருந்து படி அரிசி எடுத்தாலே மூச்சு வாங்கும். ஒரே எடத்துல அடிச்சிருக்கறா, கொஞ்சங் கூடப் பெசகாம, நான் படம் போட்டுக் காமிச்ச எடத்துல. கை கொப்புளிக்கக் கொப்புளிக்க அடிச்சிருக்கறா. அடிச்சுட்டு, சித்தெ உக்காரலாம்னு தம்பி பெஞ்சுக்குப் போனா, அது கவுத்து விட்ருச்சு. நான் வெளக்கெண்ண தேச்சுக்கிட்டே மில்லுக்குப் போகாததுக்கு வஞ்சுக்கிட்டு இருந்திருக்கறேன். கண்ணுல தண்ணி வருது, அது வெயிலுக்கில்ல.

தோக்கோணும்னு அவன் அறுத்திருக்கறான். நான் தோக்கோணும்னு அவ அடிச்சிருக்கறா. மூணு பேர்ல ஜெயிக்கோணும்னு நின்னது நான் ஒருத்தன்தானாட்ட இருக்குது. அதுலயும் ஒண்ணும் ஜெயிக்கல, சமம்னு நானே தீர்ப்புச் சொல்லி எல்லாத்தையும் கெடுத்து வெச்சிருக்கறேன். இருந்தாலும் தம்பி, ஒண்ணு ஒத்துக்கோணும் நீங்க. அத்தன வீம்புக்காரி, அவளுக்கே நாப்பது அடி தேவைப்பட்டிருக்குது. பெஞ்சு அப்படி.

இந்தா, பஸ்ஸு வந்துருச்சு. ஏறுங்க, பையக் குடுங்க இப்படி. தள்ளி உக்காருங்க, நானும் வர்றேன். லுங்கியோட என்னங்க, சொந்தக்காரன் ஊட்டுக்குத்தான போறேன். அர்த்தனாரீ! பெஞ்சுக்குச் சாயந்தரம் ஒரு கொடம் தண்ணி... வேண்டாமப்பா, ஊத்தாத. காயட்டும். சாக்கையும் எடுத்துரு. வெடிச்சா வெடிக்கட்டும்!

என்னப்பா கண்டக்டரு, அப்படிப் பாக்கற? தோத்துப்போய்ப் போறேன்னு ஊருக்குள்ள சொல்லிட்டுத் திரியாத. அவன் புதுசா என்னமோ வெல்டிங் மிசினு வாங்கியிருக்கறானாமா, அதப் பாத்துட்டு வரப் போறேன். கரட்டுப்புதூருக்கு ஒண்ணு குடு. இப்ப ஒண்ணு போதும், திரும்பறப்ப ரெண்டு வாங்கிக்கறேன்.